பட்டறைப் பதில்கள்: நட்டு போகட்டும், ஹெட் இருக்கட்டும்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய 1965 மாடல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வீட்டு ஷெட்டில் பல வருடமாக நிற்கிறது. அதை மறுபடி ஓட வைக்க நினைக்கிறேன். இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு முழுக்கத் துரு ஏறிவிட்டது. அடிப்பக்கம் விரிசல் மாதிரி ஒரு கோடும் தெரிகிறது. கழற்றப் பார்த்ததில் ஒரு நட்டு மழுங்கிவிட்டது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், உளி வைத்து நாலு தட்டுத் தட்டினால் வந்துவிடும் என்கிறார். தட்டலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் கழற்றப் பார்த்ததில் எதுவும் கெட்டுப்போகவில்லை. மழுங்கின நட்டெல்லாம் ஒரு சேதமே இல்லை. உளியை வைத்துப் பக்கவாட்டில் அடித்தால்தான் சேதம் ஆரம்பிக்கும். வார்ப்பிரும்பு வளையாது, நேராக உடைந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள்: எது போனால் பரவாயில்லை, எது போகவே கூடாது? நட்டு சில ரூபாய். ஸ்டட், அதாவது நட்டு ஏறும் தலையில்லாத போல்ட், அதை எந்த லேத்திலும் கடைந்து வாங்கலாம். மேனிஃபோல்டுகூட இங்கிலாந்தில் இன்றும் புதிதாக வார்த்து விற்கிறார்கள். ஆனால் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில் ஸ்டட்டைத் திருகும் மரை போனால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். அதனால் நட்டையும் ஸ்டட்டையும் காப்பாற்றப் பாடுபடாதீர்கள். இந்த வேலையில் கையெடுத்துக் கும்பிட்டுக் காப்பாற்ற வேண்டியது ஹெட் ஒன்றைத்தான். பாதிப் பேர் பத்து ரூபாய் நட்டுக்காக முரட்டு பலம் போட்டு ஹெட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

உங்கள் காரின் இன்ஜின் பி சீரிஸ் வகை, 1798 சிசி. நம்ம அம்பாசடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். பாகங்கள் அப்படியே பொருந்தும் என்று அர்த்தமில்லை, ஆனால் அமைப்பு ஒன்றுதான். காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும். ஸ்பார்க் பிளக் எல்லாம் எதிர்ப்பக்கம். அம்பாசடரில் கை பழகிய பெரியவர்கள் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரைக் கேட்டு அவரும் தயங்க வேண்டாம், நீங்களும் பயப்பட வேண்டாம்.

முதலில் பேட்டரி. இந்த மாடலில் சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 1965 வண்டி என்றால் கம்பெனியிலிருந்து வந்தது பாசிட்டிவ் எர்த். அதாவது பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ் முனை. நடுவில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம் பெட்ரோல். இரண்டு எஸ்யு கார்பரேட்டர்களையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் எடுத்தால்தான் நட்டுகள் கண்ணுக்கே தெரியும். எடுத்த கார்பரேட்டரிலும் பெட்ரோல் குழாயிலும் சொட்டுக்கூட இல்லாமல் வடித்து, குழாய் வாயை அடைத்து, அவற்றை வேறு அறையில் கொண்டுபோய் வையுங்கள். பின்னால் நெருப்பு வைக்க வேண்டியிருக்கலாம். இன்டேக் ஓட்டைகளில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அது வேறு கதை.

இனி துரு. துரு என்பது தின்றுபோன இரும்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். இரும்பு துருவாக மாறும்போது அதைவிடப் பெரிய இடத்தைப் பிடிக்கும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் இருக்கிற முடி அளவு இடைவெளியில் அது வீங்கி இறுக்கிவிடுகிறது. இன்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளே இறங்கும். நம் பக்கத்தில் கூடவே கடல் உப்பும் இறங்கும். காசிமேட்டில் படகு இன்ஜின்களில் வேலை பார்த்த காலத்தில், துடைத்து வைத்த ஸ்டீல் துண்டு மறுநாள் காலையிலேயே பழுப்பு பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஷெட்டும் அந்தக் காற்றில்தானே நின்றிருக்கிறது.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒயர் பிரஷ்ஷை எடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. நட்டுக்கு வெளியே கொஞ்சம் மரை நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். நட்டு கழன்று வரும் பாதை அதுதான். அந்த மரையில் துரு அடைத்திருந்தால், அரைச் சுற்று நன்றாக வந்த நட்டு அங்கே போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் கொடுக்கும் பலம் முழுவதும் ஸ்டட்டை முறுக்கும். மரையின் பள்ளம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். தேவைப்பட்டால் ஒரு கூரான ஊசியால் பள்ளம் பள்ளமாகக் கீறுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, காலையும் மாலையும், சில நாட்கள். கடையில் விற்கும் ஸ்பிரே நல்லதுதான். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் பாதிப் பாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், அதனால் விடும்போதெல்லாம் குலுக்கிக்கொள்ளுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அந்த பாட்டில் இருக்கும் இடத்தில் பீடி, சிகரெட், கேஸ் விளக்கு எதுவும் கூடாது. எண்ணெய் விட்டபின் நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கும்.

ஸ்பேனர் போடும்போது ஆறு முனை சாக்கெட்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் மூலையை மட்டுமே கவ்வும், உடனே மழுக்கிவிடும். இது இன்ச் அளவு வண்டி. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரித் தெரியும், நம்பாதீர்கள். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அழுத்திப் பாருங்கள். துருவின் பிடி விட்டால் 'கிரீக்' என்று சத்தம் வரும். அப்புறம் கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. அவசரமே கூடாது.

கைக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். நட்டு உண்மையில் நகரும்போது ஒரு வெடுக் இருக்கும், பிறகு பிடி இளகும். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் ரப்பர் மாதிரி மெத்தென்று நகர்ந்து, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால், நகர்வது நட்டு இல்லை. உள்ளே ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் முறிந்துவிடும்.

அப்படி நின்றுவிட்ட நட்டுக்குத்தான் நெருப்பு. என் மேஸ்திரி ராயபுரத்தில் பட்டறை வைத்திருந்தவர். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார் ரேஸ் நடந்த காலத்தில் இந்த மாதிரி வண்டிகளைத் தொட்டவர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு இருக்கும். கேஸ் டார்ச்சின் தீயை நட்டின் மேல் மட்டும் காட்டுவார். நட்டு மங்கலாகச் சிவந்ததும் தீயை எடுத்துவிட்டு, ஸ்டட் நுனியில் மெழுகைத் தொட்டு வைப்பார். மெழுகு உருகிப் புகைந்துகொண்டே மரைக்குள் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பேனர் போடுவார், வந்துவிடும். சூட்டில் நட்டு விரிகிறது, துரு நொறுங்குகிறது, மெழுகு உள்ளே போய் வழுக்குகிறது. இதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. எண்ணெயும் அசிட்டோனும் விட்ட அன்றைக்கே தீ வைக்காதீர்கள். துடைத்து, காயவிட்டு, மறுநாள் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். ஷெட் கதவு திறந்திருக்கட்டும்.

உங்கள் மழுங்கிய நட்டுக்கு வருவோம். ஒரு அளவு சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கவ்விக்கொள்ளும். கவ்வாவிட்டால் அந்த நட்டை வெட்டிவிடுங்கள். சின்ன கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை, ஸ்டட் மரை தெரியவரும் அளவுக்கு மெலிசாக்கிவிட்டு, அந்த இடத்தில் உளியை வைத்துத் தட்டினால் நட்டு பிளந்து திறந்துகொள்ளும். உளிக்கு வேலை இங்கேதான். மேனிஃபோல்டின் விளிம்பில் இல்லை. சில இடத்தில் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே கழன்று வந்துவிடும். அது நல்லதுதான், எப்படியும் புது ஸ்டட் போடப்போகிறீர்கள்.

மேனிஃபோல்டிலிருந்து கீழே சைலன்சருக்குப் போகும் டவுன் பைப்பைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகள் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு கழற்ற வேண்டியவை. கம்பெனியில் போட்டது பித்தளை நட்டு. அதுவே இருந்தால் அதிர்ஷ்டம், எளிதாக வரும். யாரோ இரும்பு நட்டு போட்டிருந்தால் அங்கே மல்லுக்கட்டாதீர்கள். இத்தனை வருடம் நின்ற வண்டியில் சைலன்சர் குழாயும் உளுத்துத்தான் போயிருக்கும். விளிம்புக்குக் கீழே குழாயை ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு, மேனிஃபோல்டை அந்தத் துண்டுக் குழாயோடு வெளியே எடுங்கள். மேஜை மேல் வைஸில் மாட்டிச் செய்யும் வேலையும் மல்லாந்து படுத்துக் கண்ணில் துரு விழச் செய்யும் வேலையும் ஒன்றில்லை.

நட்டெல்லாம் போனபிறகும் மேனிஃபோல்டு, நடுவில் கசிவை அடைக்கும் பழைய பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி, ஸ்டட்டுக்கு நேராக இழுங்கள். நடுவில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டு அலுமினியம், கீறல் ஆழமாக விழும்.

அந்த விரிசல் கோட்டைச் சோதிக்க மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூசுங்கள். உண்மையான விரிசல் என்றால் உள்ளே நின்ற மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். விரிசல் இருந்தால் என் யோசனை புதுசு வாங்குவது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய முடியும், நிக்கல் ராடு இருக்கிறது. ஆனால் முழுத் துண்டையும் முன்னாலேயே சூடாக்க வேண்டும், பற்றவைத்தபின் மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும்.

திரும்ப மாட்டும்போது பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. இந்த இன்ஜினில் சில ஸ்டட்களில் இருக்கும் பெரிய தடித்த வாஷர், பாதி இன்டேக் விளிம்பிலும் பாதி எக்ஸாஸ்ட் விளிம்பிலும் உட்காரும். ஒரே நட்டு இரண்டையும் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு விளிம்பும் ஒரே தடிமனாக இருந்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பழைய இன்டேக் என்று சேர்க்கும்போது இந்தத் தடிமன் மாறும். வாஷர் சாய்ந்துவிடும், மெலிந்த பக்கம் புகையோ காற்றோ கசியும். எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். தடித்திருப்பதை லேத்காரரிடம் கொடுத்துச் சீவிக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்து அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

புது ஸ்டட், பித்தளை நட்டு, புது பேக்கிங் போடுங்கள். மரை இறுகிப் பிடிக்காமல் இருக்க, சூடு தாங்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவுங்கள். சாதாரண கிரீஸ் கருகிவிடும். பேக்கிங்குக்கு எந்தப் பசையும் வேண்டாம். இன்ச் மரை நட்டுக்கு மண்ணடியில் லிங்கிச் செட்டி தெரு, செம்புதாஸ் தெருப் பக்கம் அலைந்தால் கிடைக்கும். பழைய நட்டை ஒரு மாதிரிக்குக் கையில் கொண்டுபோங்கள். நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி இறுக்குங்கள். ஒரு தடவை நன்றாகச் சூடாகி முழுக்க ஆறிய பிறகு மறுபடி எல்லா நட்டையும் பாருங்கள், கொஞ்சம் இளகியிருக்கும்.

அப்பாவின் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்கிறீர்கள் தம்பி. முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கேள்வி: அண்ணே, என்னுடைய அம்பாசடரில் மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று ஹெட்டோடு சமமாக முறிந்துவிட்டது. ஈசி அவுட் போட்டு எடுத்துவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: ஈசி அவுட்டைக் கடைசி வழியாக வையுங்கள். பலம் போட்டு முறிந்த ஸ்டட்டை, அதைவிட மெலிந்த ஒரு கருவியால் திருகி எடுக்கப் பார்க்கிறோம். ஈசி அவுட் மிகக் கடினமான ஸ்டீல், கண்ணாடி மாதிரிப் பொசுக்கென்று முறியும். உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறவே ஏறாது. அப்புறம் ஹெட்டை இறக்கி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் செய்யும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நான் சொல்வது வெல்டிங். நல்ல வெல்டர் ஒருவரைக் கூப்பிட்டு, முறிந்த ஸ்டட்டின் நடுவில் மட்டும் ராடால் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி வைத்து மேடு கட்டச் சொல்லுங்கள். மேடு ஹெட்டின் முகத்துக்கு மேலே வந்ததும், அதன் மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் ஓட்டை வழியாகப் பற்றவைக்க வேண்டும். சிவப்பு போகும் வரை ஆறட்டும். பிறகு ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். வெல்டிங்கின் சூடே துருவைப் பாதி உடைத்துவிடும். முதல் நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளராதீர்கள், இன்னொரு நட்டு வையுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி கொஞ்சம் இளகும். அம்பாசடர் ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் ராடு ஓரத்தில் பட்டால் ஹெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மட்டும் என்பதை வெல்டரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். பேட்டரி இணைப்பை முன்பே கழற்றிவிடுங்கள்.

அதுவும் வரவில்லை என்றால் டிரில். சரியான மையத்தில் சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். எதிர்த்திசையில் சுழலும் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது, துளைக்கும்போதே சில நேரம் ஸ்டட் கழன்று வந்துவிடும். ஆழம் பார்த்துப் போங்கள், ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் அறைகள் இருக்கின்றன. மரை போய்விட்டால் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போடலாம். ஒழுங்காகப் போட்டால் நிலைத்து நிற்கும்.

கேள்வி: பிரீமியர் பத்மினி காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம். சூடானதும் நின்றுவிடுகிறது. டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்தும் போகவில்லை. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: டேப்பெட்டை விட்டுவிட்டு மேனிஃபோல்டைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது விளிம்பில் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகப் புகை அடிக்கும் சத்தம் அது. சூட்டில் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்வதால் நின்றுவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பேக்கிங் ஓரம் பாருங்கள், கரி படிந்த இடம் இருக்கும். கசிவு அங்கேதான்.

சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம் என்பேன். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைகள் வழியாக உள்ளே வரும். மழையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குழந்தைகளோடு, தலைவலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போவீர்கள். நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் பேக்கிங் மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

கேள்வி: பழைய ஜீப்பில் புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போட்டிருக்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்க, பைக்கில் சுற்றுகிற மாதிரி வெப்பத் துணிப் பட்டை சுற்றலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் ஊர்க் காற்றுக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டை சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், உண்மைதான். வண்டி நிற்கும்போது உப்பு ஈரத்தையும் அதேபோலப் பிடித்து வைக்கும். மேலே பார்க்க அழகாக இருக்கும், பிரித்தால் உள்ளே செதில் செதிலாக உரியும். சூடு தாங்கும் பெயின்ட் அடியுங்கள். அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தின்னரால் துடைத்து, அடித்தபின் டப்பாவில் எழுதியிருக்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி ஆறவிட்டால்தான் அது பிடிக்கும். சாதாரண பெயின்ட் ஒரே ஓட்டத்தில் எரிந்து புகைந்துவிடும்.